அக்காவின் அண்டாவும் ஒரு லிட்டர் கடலும்

"சொட்டுது! அக்கா, சொட்டுது!"

லிஜா போட்ட சத்தத்தில், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து வீரிட்டது.

"ஏட்டி, இப்பத்தான் தூங்க வச்சேன்!" ஜன்னல் வழியாக அஜிதா அக்கா எட்டிப் பார்த்தாள். "அப்படி என்ன சொட்டுது?"

"கடல்!"

கொல்லையில் மூன்று கல் வைத்த அடுப்பு. அதன் மேல் வீட்டுப் புட்டுக்குடம். தினமும் காலையில் குடத்தின் குறுகிய வாயில் புட்டுக்குழல் இருக்கும். இன்றைக்கு அங்கே ஒரு செம்புக் குழாய் செருகியிருந்தது. ஆவி கசியாமல் இருக்க லிஜா சுற்றிலும் கோதுமை மாவைப் பிசைந்து அப்பியிருந்தாள்.

குழாய் அப்பா கொடுத்தது. அப்பா ஏசி மெக்கானிக். ஒரு பழைய பெயிண்ட் வாளியின் அடியில் துளை போட்டுத் தந்ததும் அவர்தான். குழாய் வாளிக்குள் நாலு சுற்று சுற்றி, துளை வழியாக வெளியே வந்து, ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மேல் நின்றது.

குடத்தில் இருந்தது, லிஜா காலையில் கரைக்குப் போய் மொண்டு வந்த கடல்நீர். சூடேறினால் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, இந்தத் தீ அதற்குப் போதவே போதாது. அது குடத்திலேயே தங்கிவிடும். ஆவி மட்டும் குழாயில் ஓடும். வாளியில் நிற்கும் பச்சைத் தண்ணீர் குழாயைக் குளிரவைக்கும். குளிர்ந்த ஆவி மறுபடியும் தண்ணீராகும்.

அப்படிப் பிறந்த முதல் சொட்டுக்குத்தான் இத்தனை சத்தம்.

நாளைக்குக் காலையில் நேசம்மாள் டீச்சர், நாகர்கோவில் அறிவியல் கண்காட்சிக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு செய்முறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். லிஜாவிடம் அவர் சொல்லியிருந்தார்: "ஒரு லிட்டர் முழுசாக் கொண்டு வரணும். அதுக்கு எவ்வளவு விறகு ஆச்சுன்னும் சொல்லணும்."

விறகுதான் சிக்கல். இரண்டு நாள் மழையில் எல்லாம் நனைந்துவிட்டது. காய்ந்த தேங்காய்த் தொண்டு, அதாவது நார் மட்டை, மூன்றே கூடைதான் மிச்சம். கருங்கல் சந்தைக்குக் கிளம்பும்போது அம்மா பங்கு பிரித்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஒரு கூடை உனக்கு. ரெண்டு கூடை அக்காவுக்கு. நாலு மணிக்கு வேதுத் தண்ணி போட்டிரணும். மறந்திராத மக்கா."

பிள்ளை பெற்று இருபது நாளான அக்காவுக்குத் தினமும் வேதுத் தண்ணீர்க் குளியல். நொச்சி இலை, புளிய இலை, மாவிலை எல்லாம் போட்ட வெந்நீர். அதில் குளித்தால்தான் உடம்பு வலி தீரும் என்பாள் அம்மா. தினமும் இரண்டு கூடை தொண்டு அதற்கே போய்விடும்.

லிஜா இன்னொரு வேலையும் செய்திருந்தாள். பஞ்சாயத்துக் குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வாளியில் நிரப்ப வேறு தண்ணீர் இல்லை. அதனால் அக்காவின் அண்டாவில் இருந்த குளியல் தண்ணீரைத்தான் வாளிக்கு மொண்டிருந்தாள். 'குழாய்க்கு வெளியேதானே நிக்கப்போவுது? அழுக்காகாது. அப்படியே திருப்பி ஊத்திரலாம்.'

"என்ன, கடல் வத்திப்போச்சா?"

வேலிக்கு அந்தப்பக்கம் ரெனிஷ். அதே வகுப்பு. ஆரல்வாய்மொழியில் நிற்பதுபோல ஒரு காற்றாலை செய்துகொண்டிருக்கிறான். அதன் அட்டை இறக்கை ஒன்று கையிலேயே இருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"ஏலே, உளவு பார்க்க வந்தியா?"

"சும்மா வந்தேன். என் காற்றாலைக்கு விறகே வேண்டாம், கேட்டியா?"

"காத்து நின்னுபோனா உன் காற்றாலையும் நின்னு போவும்."

"அதுக்குத்தான் மின்விசிறி வச்சுச் சுத்தப் போறேன்."

"அப்ப அந்த மின்விசிறிய எதை வச்சுச் சுத்துவ?"

ரெனிஷ் வேலிப்படல் வழியாக உள்ளே வந்து, பாட்டிலைப் பார்த்துக் குந்தினான். சொட்டு, சொட்டு, சொட்டு. ஒரு சொட்டைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தான்.

"உப்பே இல்லட்டி!" கண் விரிந்தது. "சப்புன்னு இருக்கு!"

"அதுதாம்லே வேணும்!"

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரெனிஷ் உளவாளியாக இல்லை. தீ மங்கும்போதெல்லாம் அட்டை இறக்கையால் விசிறினான். இறக்கையின் வெள்ளைப் பெயிண்டில் கரி ஒட்டியதை அவன் கவனிக்கவே இல்லை.

சொட்டு நூலாக மாறியது. குடத்துக்குள் தளபுளவென்று கொதிக்கும் சத்தம்.

"கொதிச்சாச்சு. இனிச் சட்டுன்னு முடிஞ்சிரும்," என்றான் ரெனிஷ்.

முடியவில்லை. லிஜா கூடைக்குள் கையை விட்டாள். வெறும் தூசிதான் அகப்பட்டது. பாட்டிலில் கால் பாகத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தண்ணீர்.

"என்னட்டி இது? ஒரு கூடை முழுசா எரிஞ்சு போச்சே!"

"டீச்சர் சொன்னாங்கலே," லிஜா மெல்லச் சொன்னாள். "பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்க எவ்வளவு சூடு வேணுமோ, கொதிச்ச தண்ணி முழுசையும் ஆவியாக்க அதப்போல ஏழு மடங்கு வேணும்னு. நோட்டில எழுதி வச்சேன். நம்பத்தான் இல்ல."

ரெனிஷ் மற்ற இரண்டு கூடைகளைப் பார்த்தான். "அதுல கொஞ்சம் எடு."

"அது அக்காவுக்கு."

"கொஞ்சம் எடுத்தா யாருக்குத் தெரியும்?"

"வெந்நீருக்குத் தெரியும்."

மணி மூன்று இருபது. லிஜா பாட்டிலைப் பார்த்தாள். கால் பாட்டிலோடு டீச்சர் முன்னால் போய் நிற்க முடியாது. ஆனால் இருபது நாளாக உடம்பு வலி வலி என்று அக்கா முனகுவது அவளுக்குத் தெரியும்.

"விடு. அண்டாவுல தண்ணியைத் திருப்பி ஊத்துவோம்."

மொள்ளுவதற்காகச் செம்பை வாளிக்குள் முக்கினாள்.

"ஆ!"

செம்பு வாளிக்குள்ளேயே விழுந்தது. லிஜா விரல்களை உதறினாள்.

"என்னாச்சு? தேள் கொட்டிட்டுதா?"

"சுடுது! தண்ணி சுடுதுலே!"

ரெனிஷ் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். வாளியின் மேல்பக்கம் நல்ல சூடு. அடியைத் தடவினால் இன்னும் பச்சைத் தண்ணீர்தான். "வாளிக்குக் கீழே தீயே இல்லையே? பிறகு எப்படி?"

லிஜா அடுப்பைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். பிறகு அதையே திரும்பவும் பார்த்தாள், அடுப்பு, குழாய், வாளி. திடீரென்று குதித்தாள்.

"ஏலே! அந்த ஏழு மடங்கு சூடும் எங்கேயும் போவல! ஆவி அதத் தூக்கிக்கிட்டு வருது. குழாய்க்குள்ள வந்து தண்ணியா மாறும்போது இங்க இறக்கி வச்சிட்டுப் போவுது!"

"அதனால?"

"வாளியில இருக்கிறது யாரு தண்ணி?"

"உங்க அக்கா தண்ணி."

"அப்ப அக்காவோட ரெண்டு கூடையையும் நான் இந்த அடுப்புல எரிச்சாலும், சூடு போய்ச் சேருறது எங்க?"

ரெனிஷின் வாய் திறந்தது. "உங்க அக்கா தண்ணிக்கு!"

லிஜா ஜன்னலுக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பாதி அக்காவுக்குப் புரிந்தது, பாதி புரியவில்லை.

"சரி, தண்ணி சூடாகலேன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"நான்தான் எரிச்சேன்னு அம்மாகிட்ட நானே சொல்லுவேன். கண்காட்சியும் வேண்டாம்."

அக்கா தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். "பாப்பா என்ன சொல்லுது?" குழந்தை ஏப்பம் விட்டது. "சரின்னு சொல்லுது. எரி!"

அடுத்த நாற்பது நிமிடம் கொல்லையில் திருவிழாதான். ரெனிஷ் விசிறினான். லிஜா தொண்டு போட்டாள். வாளியின் மேலே சூடான தண்ணீரை மொண்டு அண்டாவில் ஊற்றினாள். அண்டாவிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினாள். அண்டாத் தண்ணீர் முழுதும் சூடானதும் இலைகளை அள்ளிப் போட்டு மூடினாள். நொச்சி வாசம் எழுந்தது.

அரை பாட்டில். முக்கால் பாட்டில். கூடையில் நாலு தொண்டு. மூன்று. ஒன்று.

"நிறைஞ்சாச்சு!" என்று ரெனிஷ் கத்தவும், வாசலில் அம்மா வரவும் சரியாக இருந்தது.

"என்ன நிறைஞ்சாச்சு?" அம்மாவின் கண் நேராகக் கூடைகளுக்குப் போனது. மூன்றும் காலி. அடுப்பில் அண்டா இல்லை, புட்டுக்குடம் இருந்தது. "லிஜா! அக்காவோட விறகையும் எரிச்சிட்டியா? உன்ன நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்!"

"அம்மா, அண்டாவுல கைய வச்சுப் பாருங்க."

"அடுப்புல ஏத்தாத அண்டாவுல என்னத்த பாக்க?"

"ஒரு தடவ மட்டும்!"

அம்மா மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி அடித்தது. விரலை விட்டவள் படக்கென்று எடுத்தாள். அண்டாவின் அடியைக் குனிந்து பார்த்தாள். கரி இல்லை. மறுபடியும் விரலை விட்டாள்.

"அஜிதா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். குரலில் கோபத்தைக் காணோம். "எழும்பி வா. தண்ணி ரொம்பச் சூடு. விளாவித்தான் குளிக்கணும்."

லிஜாவும் ரெனிஷும் கொல்லையைச் சுற்றி மூன்று தடவை ஓடினார்கள். குடம் ஆறியதும் அதன் அடியில் மிஞ்சிய தண்ணீரை ரெனிஷ் விரலில் தொட்டு நக்கினான். முகம் கோணிப்போனது. "கடலே இதுக்குப் பரவாயில்ல!"

மறுநாள் வகுப்பில் நேசம்மாள் டீச்சர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. எவ்வளவு விறகு ஆச்சு?"

"மூணு கூடை, டீச்சர்."

டீச்சரின் முகம் வாடியது. "ஒரு லிட்டருக்கா? மூணு கூடையா?"

"ஆமா டீச்சர். ஆனா அதுல ரெண்டு கூடை எங்க அக்கா குளிச்சது."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து சொல்லு."

லிஜா சொன்னாள். குடம், குழாய், வாளி எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்தாள். சூடு போன வழியைச் சிவப்புச் சாக்கட்டியால் இழுத்தாள். நடுநடுவே கடைசி பெஞ்சிலிருந்து ரெனிஷ் எழுந்து, "நான் பாத்தேன் டீச்சர்! தொட்டே பாத்தேன்!" என்று சாட்சி சொன்னான்.

"அப்ப கடலுக்குன்னு தனியா ஆனது ஒரு கூடைதான்," என்றார் டீச்சர். பிறகு லிஜாவின் தலையில் கை வைத்தார். "நாகர்கோவிலுக்கு இதுதான் போகுது. ஆனா அங்க அந்தச் சூடு தண்ணிய என்ன செய்வ?"

"அவ அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போயிரலாம் டீச்சர்!" என்றான் ரெனிஷ்.

மறுபடியும் சிரிப்பு. லிஜா அதைக் கேட்கவே இல்லை. கொண்டுபோக வேண்டிய சாமான்களை அவசர அவசரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

புட்டுக்குடம். செம்புக் குழாய். வாளி. கோதுமை மாவு. மத்தியானம் எல்லாருடைய சாப்பாட்டுத் தட்டும் அந்தச் சூடு தண்ணீரில் கழுவ ஒரு பெரிய அண்டா. மூன்று கூடை தொண்டு.

கடைசியாக, தீ விசிற: ரெனிஷ், இறக்கையோடு.