மில் தெரு பம்பின் பூட்டுகள்

லினெட் ஹாஸ்கர் கீழிருந்து ஏணியேறித் தலையை நீட்டியபோது, மெயின் சுவிட்சின் கைப்பிடியில் இரண்டு பூட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் போட்டது ஒன்று.

ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே அதைப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை இரண்டு நாளாக ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தம் சத்தமாகவே இல்லாமல் போயிருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே கரும்புக் காடும் ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் குழைந்து கிடந்தன. அறையில் சேற்று வாடையும், சூடேறிய தூசியின் வாடையும், பழைய மோட்டார்களுக்கே உரிய கருகின வார்னிஷ் வாடையும் நிறைந்திருந்தன. கதவை உள்ளே தாழிட்டுவிட்டுத்தான் அவள் கீழே இறங்கினாள். தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

டன்பார் ஊரின் பள்ளமான பகுதிக்கு மில் தெரு என்று பெயர். ஆற்று வெள்ளம் உள்ளே வராமல் கரை தடுத்தது. கரைக்கு உள்ளே தேங்குகிற மழைத்தண்ணீரை எடுத்து ஆற்றில் தள்ளுவது இந்தப் பம்பின் வேலை. மதியம் அது நின்றுபோனது. நகராட்சியின் எலக்ட்ரீஷியன் லினெட்தான். வந்து, சுவிட்சை இறக்கி, பூட்டி, கீழே சிமெண்டுக் குழியில் இருந்த மோட்டாரின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு கரண்டி தண்ணீர் நின்றது. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு மோட்டாரின் முனைகளில் வைத்து, கரண்ட் இல்லாமல் செத்துக் கிடக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து, டெஸ்டர் பொய் சொல்லவில்லை என்று பார்த்தாள். அவசரத்திலும் அவள் இதில் எதையும் விட்டதில்லை. துடைத்து, காயவைத்து, புதிய ரப்பர் வைத்து மூடியாயிற்று. இனிக் கைப்பிடியை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

இரண்டாவது பூட்டு அதற்குக் குறுக்கே தொங்கியது.

கைப்பிடியில் மாட்டுகிற இரும்புக் கவ்வியில் வரிசையாக ஓட்டைகள் உண்டு. வேலைக்கு இறங்குகிற ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டைப் போட்டு, பேர் எழுதிய அட்டையைக் கட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டவன் கையால்தான் அது திறக்கப்படும். மேலாளரானாலும் தொடக்கூடாது. ஒரு பூட்டு தொங்குகிறது என்றால், எங்கோ ஓர் உடம்பு அந்தக் கம்பிமேல் சாய்ந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் கேலி செய்வார்கள். அதை மட்டும் செய்ய மாட்டார்கள்.

அவள் கிட்டே போனாள். நகராட்சி கொடுக்கிற சிவப்புப் பூட்டு அல்ல. பித்தளை, பழசு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அட்டையில் பேர் எழுதியிருந்த இடம் ஊறிப்போய் ஊதாக் கறையாக இருந்தது. தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"டேரில், இங்க யாரையாவது அனுப்பினியா?"

"யாரை அனுப்ப? பாலம் முங்கிப்போச்சு. வாத்து வேணும்னா ரெண்டு அனுப்பறேன்." டேரில் அவளுடைய மேலாளர். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவன்.

"சுவிட்சுல இன்னொரு பூட்டு தொங்குது."

"உன்னோடதாத்தான் இருக்கும். பல்லு வெளக்கற பிரஷ்ல கூடப் பேரு எழுதி வைக்கற ஆளு நீ."

"என்னோடது இல்ல. நான் விளையாடல, டேரில்."

அவன் குரலில் இருந்த சிரிப்பு போயிருந்தது. "யாரோடதுன்னு தெரியாம வெட்டிராத. கீழ போய் நல்லாப் பாரு. உள்ள ஒருத்தன் இருந்து நீ சுவிட்சைப் போட்டேன்னா..."

"தெரியும்."

கைபேசி அடித்தது. அப்பா. ரெஜ் ஹாஸ்கர் மில் தெருவின் கடைசி வீட்டில், முன் அறையில் போட்ட இரும்புக் கட்டிலில் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பிறர் தூக்கிவிட்டால்தான் எழுந்து உட்கார முடியும். காலையில் மீட்புப் படகு வந்தபோது, இதைவிடப் பெரிய வெள்ளமெல்லாம் பார்த்தவன் நான் என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"லினி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு என் ஜன்னல் வழியா போயிட்டிருக்கு. கோழி மேல உக்காந்துட்டு என்னைப் பாத்துட்டே போகுது."

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சாப்பா?"

"கதவுக்கு அடியில வருது. நீ ஒண்ணும் பதறாத. உன் வேலையைப் பாரு."

"படகுக்காரங்களை மறுபடி கூப்பிட்டேன். மேல் தெருவுல ஒரு பிரசவம், முடிச்சுட்டுத்தான் வருவாங்க. அதுக்குள்ள பம்ப் ஓடிரும்."

"ஓடட்டும். எனக்கு நீச்சல் மறந்துபோச்சு."

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

கீழே ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நாலு சிமெண்டுச் சுவர், நடுவில் பம்பும் மோட்டாரும், சுவரைத் துளைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகிற ஆள் தடிமன் குழாய். மோட்டாருக்குப் பின்னால், குழாய்க்கு அடியில், படிக்குக் கீழே என்று ஒவ்வொரு மூலையாக விளக்கை அடித்துப் பார்த்தாள். "யாராவது இருக்கீங்களா? பூட்டு போட்டது யாரு?" என்று கேட்டாள். குரல் சுவரில் பட்டுத் தடித்துத் திரும்பியது. தரை அவள் துடைத்தபடியே காய்ந்திருந்தது. அவளுடைய பூட்ஸ் தடத்தைத் தவிர வேறு தடமில்லை.

மேலே வந்தபோது மூன்று பூட்டுகள் தொங்கின.

மூன்றாவதும் பித்தளை. இப்போதுதான் யாரோ கையை எடுத்தது போல இலேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். ஆட்டம் நிற்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவின் தாழ் போட்டபடி. ஜன்னலில் கம்பி. கூரையில் மழை. தன் மூச்சு. அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை மெதுவாகத்தான் காது பிரித்தெடுத்தது. கீழே, குழாயில், யாரோ ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினார்கள். டக், டக். இடைவெளி. டக், டக். ஆள் தெரியாத இடத்தில் வேலை செய்கிறவன் மேலே இருப்பவனுக்கு, நான் இங்கேதான் இருக்கிறேன், போட்டுவிடாதே என்று தெரிவிக்கிற தட்டல். அவளே எத்தனையோ முறை அப்படித் தட்டியிருக்கிறாள்.

மறுபடி இறங்கினாள். இந்த முறை ஒவ்வொரு படியையும் தேடித் தேடிக் காலை வைத்தாள். குழாயின் மேல் காதை வைத்தாள். உள்ளே ஆற்றுத் தண்ணீர் அழுத்திக்கொண்டு முனகியது. அந்தத் தண்ணீருக்கு நடுவிலிருந்து, அவள் கன்னத்துக்கு நேராக, டக், டக்.

மேலே ஓடி வந்தாள். நான்கு பூட்டுகள். அவளுடைய சிவப்புப் பூட்டு மற்ற மூன்றுக்கும் நடுவில் நெருக்குண்டு கிடந்தது.

கைபேசி அடித்தது.

"லினி." அப்பாவின் குரலில் கேலி இல்லை. "மெத்தை நனையுதும்மா."

"இதோப்பா. இதோ ஆயிடுச்சு."

"டார்ச்சு கீழ விழுந்து போச்சு. இருட்டா இருக்கு. தண்ணி ஏறுற சத்தம் மட்டும் கேக்குது."

வீட்டில் கரண்ட் இல்லை. அது ஒன்றுதான் நிம்மதி. பள்ளப் பகுதி முழுவதற்கும் காலையிலேயே கம்பத்தில் இருந்த ஃப்யூஸ்களைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். பம்புக்கு மட்டும் மேட்டிலிருந்து தனி லைன்.

"டேரில்."

"சொல்லு."

"நான் வெட்டப் போறேன்."

"உள்ள பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"யாரும் இல்லியே? நீ உன் வாயால சொல்லு, லின். நீ சொன்னா நான் பாத்த மாதிரி."

கீழே தட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவர் அல்ல. ஒரு தட்டலின் மேல் இன்னொன்று ஏறி விழுந்தது. அவசரமாக.

"யாரும் இல்ல," என்றாள்.

"அப்ப வெட்டு."

பூட்டு வெட்டுகிற பெரிய கத்தரி கதவோரம் தொங்கியது. முதல் பூட்டின் வளையத்தில் வாயை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். பித்தளை வழிவிடுவதுபோல உடனே அறுந்து விழுந்தது. கீழே ஒரு தட்டல் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. இரண்டாவது. இன்னொரு தட்டல் நின்றது. மூன்றாவதில் கத்தரி நழுவியது. தட்டல் இப்போது குழாயில் இல்லை. ஏணியின் அடிப்படியில். டக். அடுத்த படி. டக். அழுத்தினாள். அறுந்தது.

அமைதி.

தன் பூட்டைத் தன் சாவியால் திறந்தாள். கைப்பிடியை ஏற்றினாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். விளக்கு ஒரு கணம் மங்கி எழுந்தது. கீழே மோட்டார் உறுமி, வேகம் பிடித்து, சீரான ஓட்டத்துக்கு வந்தது. குழாய் அதிர்ந்தது. ஓடுகிற கரண்டை அளக்கும் அம்மீட்டரின் முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அலறல் இல்லை. கருகல் வாடை இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

ஜன்னலில் இருட்டு முழுசாக இறங்கியபோது கைபேசி அடித்தது.

"இறங்குது, லினி. தண்ணி இறங்குது. கட்டில் கால் தெரியுது."

"சரிப்பா," என்றாள். "சரி. இனிப் பயமில்ல."

"உன் ஆளுங்களும் வந்துட்டாங்க."

"படகுக்காரங்களா?"

"இல்ல, கரண்ட்டு வேலை பாக்கற ஆளுங்க. மூணு பேரு. இடுப்புல டூல் பை கட்டியிருக்காங்க. சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கிறாங்க. டீ போட்டுக் குடிங்கடான்னேன், ஒருத்தனும் வாயத் தொறக்கல. நல்ல வளர்ப்பு."

"அப்பா. இருட்டுல உனக்கு எப்படித் தெரியுது?"

"விளக்குதான் எரியுதே."

"எந்த விளக்கு?"

"என் தலைக்கு மேல இருக்கற விளக்கு. இவங்க வந்ததும் கரண்ட் வந்துருச்சு."

கம்பத்தில் ஃப்யூஸ் இல்லை. கரண்ட் போக ஒரு வழி வேண்டும். திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்த வீட்டுக்கு இரண்டுமே இல்லை.

"அப்பா, நான் சொல்றதக் கேளு. எதையும் தொடாத. கட்டில் கம்பியத் தொடாத. கால கீழ விடாத."

"சும்மா இரு. ஒருத்தன் ஒயரு ஒண்ண இழுத்துட்டு வந்து நீட்டறான். பிடிச்சுக்கச் சொல்றான் போல."

"வாங்காத."

"செத்த ஒயருதானாம். கழுத்துல விரலால கோடு போட்டுக் காட்டறான். நீ பாத்துட்டியாம். உன்ன நோக்கிக் கையக் காட்டறான், லினி, இங்கேந்து பம்ப் ரூமுப் பக்கம்."

"நான் பாக்கலப்பா. நான் எதையும் பாக்கல. வாங்காத, அப்பா."

"உனக்காக நிக்கிறாங்கம்மா. பாவம், கை எல்லாம்..."

பேச்சு அங்கே அறுந்தது. இணைப்பு அறவில்லை. தாழ்ந்த ரீங்காரம் ஒன்று காதுக்குள் வந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் நின்றால் பல்லில் உணர்கிற ரீங்காரம். அம்மீட்டரின் முள் துள்ளி, இருந்த இடத்திலிருந்து ஒரு மயிரிழை மேலே போய் நின்றது.

அவள் சிவப்புப் பொத்தானில் அறைந்தாள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக் கீழே இறக்கினாள். மோட்டார் ஓய்ந்து, சுற்றி, நின்றது. குழாயின் அதிர்வு அடங்கியது.

காதில் ரீங்காரம்.

சுவிட்சின் கண்ணாடி வழியே பார்த்தாள். கரண்டைச் சேர்த்துவைக்கிற மூன்று செம்புக் கத்திகளும் தம் இடத்தைவிட்டு விலகி நின்றன. இடையில் வெறும் காற்று. முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. பம்பை ஓட்டப் போதாத, ஓர் உடம்புக்கு மட்டும் போதுமான அளவில் நின்று, மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.