அப்பாசாமியின் கை

பூவாயியின் கன்னத்தில் ஐந்து விரல்களும் அப்படியே பதிந்திருந்தன.

படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் நர்ஸ் சம்பூர்ணம், 1998 மாசியில் அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளின் இரைச்சல் காற்றில் மிதந்து வர, டெட்டாலும் மூத்திரமும் ஈர வைக்கோலும் கலந்த வாடை அறையை அடைத்திருக்க, பூவாயியின் புருஷன் அப்பாசாமி கட்டிலில் கிடந்தார். இரண்டாவது முறையும் வாதம் அடித்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையாது.

"இன்னாம்மா இது? யாரு அடிச்சது?"

"வேற யாரு கீறாங்க இந்த வூட்ல? அவுருதான்." அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள் பூவாயி. "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து வாங்கிகினுதான் கீறேன் நர்சம்மா. படுத்துட்டா வுட்ருவாருன்னு பாத்தேன்."

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சம்பூர்ணம் நினைத்தாள். ஆனாலும் அப்பாசாமியின் உள்ளங்கையில் ஊசியால் குத்திப் பார்த்தாள். கை கட்டையாகக் கிடந்தது. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

அடுத்த வாரம் பூவாயிக்கு முன்பல் இரண்டு இல்லை. அதற்கடுத்த வாரம் காது கிழிந்திருந்தது. தையல் போட அழைத்தும் அவள் வரவில்லை.

"நான் வந்துட்டா அவுருக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

நான்காவது வாரம், பகல் பதினொரு மணி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம்.

தொம்.

சற்று இடைவெளி.

தொம்.

கதவைத் தள்ளினாள். அப்பாசாமி அசையாமல் கிடந்தார். எதிர்ச்சுவரோரம் பூவாயி. அவள் கொண்டை அந்தரத்தில் இழுபட்டு நின்றது. பாதங்கள் தரை எட்டாமல் துழாவின. அருகே யாருமில்லை. தலை மட்டும் பின்னுக்குப் போய்ச் சுவரில் மோதியது. சுவரெல்லாம் ரத்தம்.

சம்பூர்ணம் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். தோளில் ஓர் உதை. மருந்துப் பை சிதறியது. உருண்டு எழுந்தாள். அப்பாசாமியின் கண்கள் பூவாயியின் மேலேயே இருந்தன. ஒவ்வொரு அடிக்கும் இமை துடித்தது.

"வுடுய்யா! செத்துடுவாங்கய்யா!"

தொம்.

அவர் தலைக்கடியிலிருந்து தலையணையை உருவினாள். முகத்தில் வைத்தாள். உடம்பின் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினாள். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட கைகள். விடவில்லை.

கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை.

செத்துவிட்டார்.

தொம்.

திரும்பினாள். பூவாயியின் கால்கள் இன்னும் தரையைத் தொடவில்லை.

தொம். தொம். தொம்.

இப்போது இடைவெளியே இல்லை.