கூடுதலாக ஒரு கால்

அலமாரியில் ஒரு கால் கூடுதலாக இருந்தது.

பாத மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் நகம் வெட்டவும், ஆணிக்கால் செதுக்கவும், கட்டுப் போடவும் பழகுவதற்காக ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருக்கும் ரப்பர் கால்கள் அவை. கணுக்காலுக்குச் சற்று மேலே முடிந்துவிடும். சாயங்காலம் கடைசியாகக் கிளம்புகிறவர் துடைத்து, ஜோடி ஜோடியாக அடுக்கி, அறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். இன்றைக்கு அந்த முறை சேதுபதிக்கு. எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கை கழுவித் திரும்பினால், கீழ்த்தட்டின் ஓரத்தில் ஜோடியில்லாமல் ஓர் இடது கால். அடி முதல் நுனி வரை பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது.

கூடப் படிக்கும் ஜாஸ்மின் கட்டுப் போட்டுப் பழகிய காலாக இருக்கும் என்று நினைத்தான். பிறகுதான் ஜாஸ்மின் கொஞ்ச நாளாக வகுப்புக்கு வருவதில்லை என்பதும், ஏன் வருவதில்லை என்பதும் நினைவுக்கு வந்தன. காது மடல் சுட்டது.

ராஜபாளையத்தில் சேதுபதி குடியிருக்கும் தெருவில், 'எம் மவன் கால் டாக்டருக்குப் படிக்கான்' என்று அவன் அம்மா பரிபூரணம் சொல்லாத வாசல் கிடையாது. அதனால் என்ன ஆயிற்றென்றால், பையன் பல் விளக்க வெளியே வந்தால்கூட யாராவது சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பித்தவெடிப்பைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எதிர்வீட்டுச் சோலைச்சாமி அதற்கும் ஒரு படி மேலே.

"ஏலே டாக்டரே, எங் காலையும் செத்த பாரும்வே. கழண்டு கிழண்டு ஓடிறப் போகுது."

இவனும் லேசுப்பட்டவனில்லை. குனிகிற மாதிரி குனிந்து, பார்க்காமலேயே, "கல்லு மாதிரி இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். அந்த ஒற்றை வார்த்தையில் தெருவையே குணப்படுத்தி வைத்திருந்தான்.

பங்குனியில் நடந்த முகாமிலும் அதைத்தான் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழியில் தீ மிதிக்கக் காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகத் தெருவெங்கும் நடமாடிய நாட்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இலவசமாகக் கால் பார்க்கிறார்கள் என்றதும் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. ஒரு மேசைக்கு ஜாஸ்மின் பொறுப்பு. அவளுக்கு உதவியாகச் சேதுபதி. உதவிதான். ஆனால் காலையிலேயே பந்தயம் கட்டிவிட்டான்.

"நீ ஒரு காலு பாக்கதுக்குள்ள நான் நாலு காலு பாப்பேன். பாக்கியா?"

"காலைப் பாருடே. கடிகாரத்தைப் பாக்காத" என்றாள் ஜாஸ்மின்.

கால் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை ஒன்றும் பிரமாதமில்லை. தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இழை வளைகிற அளவுக்குப் பாதத்தில் ஒவ்வோர் இடமாக அழுத்த வேண்டும். சொல்லிக்கொடுத்த சுமையா டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "தெரியுதா தெரியுதான்னு கேட்டுக்கிட்டே தொடாதீங்க. கேட்டா ஆமான்னுதான் சொல்வாங்க. வாயை மூடிக்கிட்டுத் தொடுங்க. அவங்களாச் சொல்லணும்."

இசக்கியம்மாள் வந்து உட்கார்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. மஞ்சள் சேலை. மணிக்கட்டில் காப்பு. அவள் செருப்பைக் கழற்றியதும் ஒரு வாடை எழுந்தது. ஈரத் துணியை மடித்து வைத்து மறந்துவிட்ட வாடை. விரலிடுக்கில் என்னவோ இருந்தது. என்னவென்று பார்க்க வேண்டியது அவன் வேலை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கண்ண மூடிக்கிடுங்கம்மா."

மூடிக்கொண்டாள். சேதுபதி இழையைப் பாதத்துக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் பிடித்தான்.

"தெரியுதா?"

"தெரியுது தம்பி."

இழையை நகர்த்தினான். தொடவில்லை. "தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுய்யா."

பக்கத்து நாற்காலியில் யாருடைய குதிகாலையோ கையில் ஏந்தியிருந்த ஜாஸ்மின் நிமிர்ந்து பார்த்தாள். சேதுபதி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பைத்தான் இன்றுவரை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இசக்கியம்மாள் கண்ணைத் திறந்து, கூச்சத்தோடு கேட்டாள். "பூக்குழி எறங்கலாமாய்யா? மவ பிரசவத்துக்கு நேந்துக்கிட்டது. டாக்டருங்க வேண்டாம்னுட்டா சாமிகுத்தம் ஆயிருமேன்னு ஒரே வெசனம்."

"தாராளமா எறங்குங்க. காலு கல்லு மாதிரி இருக்கு."

இறங்கினாள். மற்றவர்கள் ஓட, அவள் மட்டும் கோலம் போட்ட வாசலில் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்து வந்தாளாம். அம்மனே இறங்கி வந்திருக்கிறாள் என்று கூட்டம் குலவையிட்டதாம். விரலிடுக்கில் ஒரு கங்கு சிக்கியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பொசுங்கிய காலோடு தறிக்குப் போனாள். வீட்டில் எல்லாரும் மூக்கைப் பொத்தத் தொடங்கிய பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால்.

சுமையா டாக்டர் வகுப்பில் கேட்டார்: "அந்த அம்மாவை யாரு பாத்தது?"

மேசைக்குப் பொறுப்பு ஜாஸ்மின். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சேதுபதியைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் தன் செருப்பின் வாரை ஆராய்ந்துகொண்டிருந்தான். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவளைப் படிப்பை விட்டு நீக்குவதா வேண்டாமா என்று நாளைக்குக் காலையில் முடிவு சொல்லப்போகிறார்கள்.

இப்போது வெளியே கோடை மழை பிடித்திருந்தது. தென்காசி ரோட்டில் பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற ஓசை ஜன்னல் கண்ணாடியில் வந்து மோதிமோதி வழிந்தது. சுவரோரம் குழல்விளக்கு மெல்லிய வண்டு போல ரீங்கரித்தது. துடைத்துவிட்ட தரையிலிருந்து எழுந்த பினாயில் நெடிக்கு அடியில், முதலில் சந்தேகமாகவும் பிறகு நிச்சயமாகவும், வேப்பிலை கருகிய வாசனை வந்தது. எங்கேயோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். இந்த மழையில் எவன் கொளுத்துவான் என்றும் அவனே கேட்டுக்கொண்டான்.

கூடுதல் காலை உள்ளே தள்ளி அலமாரியைப் பூட்டிவிடலாம் என்று கை வைத்தான். ரப்பரின் வழுவழுப்பு இல்லை. துணிக்குள் கனமாக, சற்றே குழைவாக இருந்தது. சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கி நேரமான பாத்திரத்தின் சூடு.

கையை உதறினான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். வெட்கம்தான் பயமாக வேஷம் போட்டு வந்திருக்கிறது, சொல்லித் தொலைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. சுமையா டாக்டரை அழைத்தான்.

"சொல்லு சேதுபதி."

"மேடம்... அந்த முகாம்ல..."

"ஆமா, அந்த அம்மா விஷயமா? சொல்லுப்பா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

அம்மா ஏறி இறங்கிய வாசல்கள் அத்தனையும் கண்முன் வந்தன. சோலைச்சாமியின் சிரிப்பு வந்தது. ஜாஸ்மின் எப்படியும் வேறு படிப்பில் சேர்ந்துவிடுவாள் என்ற நினைப்பும் வந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். அறையைப் பூட்டிட்டேன்னு சொல்லத்தான்."

போனை வைத்த மாத்திரத்தில் கரண்ட் போனது.

அந்த நொடியேதான். வேண்டுமென்று காத்திருந்து போனது போல.

வாசல் பக்கம் போகத் திரும்பியவன் போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தான். துடைத்த தரையில் சாம்பல் தடம். இடது பாதம். அதற்கு முன்னால் இன்னொன்று. அதுவும் இடது பாதம். அலமாரியிலிருந்து புறப்பட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு, வாசலுக்குப் போய் நின்றிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

பின்வாங்கினான். நோயாளிகள் உட்காரும் சாய்வு நாற்காலி முழங்காலின் பின்புறம் இடித்தது. உட்கார்ந்துவிட்டான். செருப்பு எப்போது கழன்றதென்று தெரியவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடுதான் இத்தனை நேரம் நின்றிருக்கிறான். ஈரம் தெரியவில்லை. குளிர் தெரியவில்லை.

ஒன்றுமே தெரியவில்லை.

பையில் கிடந்த இழையை எடுத்தான். காலைத் தூக்கிக் குறுக்கே போட்டு, உள்ளங்காலில் அழுத்தினான். இழை வளைந்தது. பாதம் யாருடையதோ போலக் கிடந்தது. பெருவிரலில் அழுத்தினான். குதிகாலில். நகத்தால் கிள்ளினான். இல்லை. போன் மடியிலிருந்து நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. இருட்டு.

அவன் விரல்களிலிருந்து இழையை யாரோ மெதுவாக உருவினார்கள்.

"கண்ண மூடிக்கிடுங்க தம்பி."

குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வரிசையில் நெடுநேரம் நின்று களைத்தவளின் தணிந்த குரல். மூடிக்கொண்டான். சின்னப் பிள்ளை போல இறுக்கி மூடிக்கொண்டான்.

பாதத்துக்குப் பக்கத்தில் துணி அவிழ்கிற ஓசை. சுற்றுச் சுற்றாக. நிதானமாக.

"தெரியுதா தம்பி?"

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால்? சொன்னால் கால் போனதென்று ஆகிவிடும். இல்லையென்று சொல்லாதவரைதான் அது இருக்கும். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவள் ஏன் ஆமாம் ஆமாம் என்றாள் என்பது இப்போது புரிந்தது. கிழவி பொய் சொன்னாள், என் தப்பில்லை என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லி வந்தவனுக்கு, நன்றாகவே புரிந்தது.

"தெரியுது" என்றான்.

"இங்கன?"

"தெரியுது."

"இங்கன தெரியுதாய்யா?"

"நல்லா... நல்லாத் தெரியுதும்மா."

வேப்பிலை வாசனை போய்விட்டது. இப்போது வேறு வாசனை. கசாப்புக் கடையில் ஆட்டுக்கால் வாட்டுகிற வாசனை. ரோமம் பொசுங்கி, தோல் பொசுங்கி. மிக அருகில். சுர்ரென்று ஏதோ உருகிச் சொட்டியது. மூடிய இமைகளுக்கு வெளியே செந்நிறமாக ஒரு வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது.

கண்ணைத் திறந்தான்.

முன்னால் யாரும் குனிந்து உட்கார்ந்திருக்கவில்லை. தரையில் அந்த ஒற்றைக் கால் மட்டும் நின்றது. துணி முழுக்க அவிழ்ந்து, அதைச் சுற்றி வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. நாற்காலியில் நீட்டியிருந்த அவன் பாதங்களில், விரலுக்கு ஒரு கங்காக, எல்லா இடுக்கிலும் செருகியிருந்தது. கனன்றுகொண்டிருந்தது. ஒவ்வோர் ஊதலுக்கும் அது பளிச்சென்று சிவந்தது. யாரோ பொறுமையாக ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியுதா தம்பி?"

இரண்டு சுண்டுவிரல்களும் உதிர்ந்து தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே, சேதுபதி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.