மருந்தடித்த மொட்டைமாடி

"அம்மா, செடிக்கும் ஜுரம் வருமா?" என்று சீதாலக்ஷ்மியின் மகள் ஐந்து வயதில் கேட்டாள். அன்று சிரித்த தாய், பல வருடம் கழித்து அதே கவலையோடு கொச்சி மட்டாஞ்சேரியில் விஸ்வேஸ்வரன் வீட்டுப் படியேறினாள். செடிநோய் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"தினம் கிருமிநாசினி அடிக்கறேன், மாமா. ஆனாலும் ஆர்க்கிட் ஒண்ணொண்ணாப் போறது. மருந்து கரைக்கிற இசக்கிதுரைதான் ஏதோ கலந்துட்டான். வேலையை விட்டு நிறுத்திட்டேன். களமசேரி நர்சரிக்காரர்கிட்டயும் அவனை வேலைக்கு எடுக்காதீங்கோன்னு சொல்லிட்டேன்."

"ஆளைப் பிடிச்சாச்சே! அப்புறம் நாம எதுக்கு?" என்றபடியே குடையை எடுத்தாள் விஸ்வேஸ்வரனின் மனைவி கமலாக்ஷி.

"சாயா குடிக்க," என்றார் அவர்.

ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே சீதாலக்ஷ்மியின் மொட்டைமாடி. நாற்பது தொட்டிகள். இருபத்தொன்பதில் இலைகள் மஞ்சள் கோடு விழுந்து, கறுத்துக் குழிந்திருந்தன. கமலாக்ஷி மருந்துக் கேனை முகர்ந்தாள். "ஆஸ்பத்திரி நெடிதான். வேறொண்ணும் இல்லை."

"எல்லாத்துக்கும் இதே கேன்தானே? அப்போ பதினொண்ணு மட்டும் எப்படித் தப்பிச்சுது?" என்றார் விஸ்வேஸ்வரன்.

கமலாக்ஷி குனிந்து குனிந்து பார்த்தாள். "ஏன்னா! நோய் வந்ததிலெல்லாம் பூத்தண்டு நறுக்கியிருக்கு. இந்தப் பதினொண்ணு இன்னும் பூக்கவே இல்லை."

"பூவை யார் நறுக்கறது?"

"நான்தான். எந்தச் செடி பூத்தாலும் முதல் தண்டு ஸ்வாமிக்கு," என்றாள் சீதாலக்ஷ்மி. பூஜை அறையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். பளபளவென்று இருந்தது. மருந்து நெடியே இல்லை.

"இதுக்கு மருந்து?"

"ஐயோ, ஸ்வாமிக்கு எடுக்கற பூவில மருந்து படலாமா? துணியால துடைச்சு வைப்பேன்."

விஸ்வேஸ்வரன் கறுத்த இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது வைரஸ் மாதிரி இருக்கும்மா. இலையைச் சோதனைக்கு அனுப்பலாம். இந்த நோய் செடியோட சாறுல இருக்கும். ஒரு தண்டை நறுக்கின கத்தரிக்கோல், அடுத்த தண்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும். இலைமேல எவ்வளவு அடிச்சாலும் உள்ளே எட்டாது. கத்தரிக்கோலுக்குத்தான் அடிச்சிருக்கணும். இசக்கிதுரை அதைத் தொடவே இல்லை."

"இனிமே என்ன அடிக்கலாம்?"

"ஒண்ணுமில்லை. நோய் வந்ததையெல்லாம் தனியா எடுத்து எரிக்கணும்."

அவள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்பாகச் செய்த காரியம்தான். கமலாக்ஷி அவள் தோளைத் தொட்டாள்.

சோதனையும் அதையே சொன்னது. இசக்கிதுரையின் போன் அணைந்தே கிடந்தது. ஊருக்குப் போனானா, இங்கேயே வைட்டிலாவில் எங்காவது சுமை தூக்குகிறானா, யாருக்கும் தெரியவில்லை.

நர்சரிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை சீதாலக்ஷ்மி தனியாகக் களமசேரி பஸ் ஏறினாள். பூட்டிய கேட்டின் தபால் பெட்டியில் ஒரு கடிதம் போட்டாள். 'செடிகளைக் கெடுத்தது என் கத்தரிக்கோல். இசக்கிதுரை குற்றமற்றவன். வந்தால் வேலை கொடுங்கள். நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.' கீழே பெயரும் விலாசமும் முழுதாக இருந்தன.

தெருவில் யாரும் இல்லை. கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.