தொள்ளாயிரம் டிகிரி

செவ்வாய்க் கிரகத்தில் எந்தக் கதவும் தன் ஜாதகத்தைக் காட்டாமல் காற்றைத் தாங்க அனுமதி பெறாது. கதவின் உலோகத் தகடு உருட்டப்பட்ட சூட்டை வைத்து, அதன் படிக மணிகள் எப்படி அடுக்கியிருக்கும் என்று ‘மணிக்கணிப்பான்’ என்ற கணினி சொல்லிவிடும். தொள்ளாயிரம் டிகிரிக்குக் குறையாமல் உருண்டால் மணிகள் பல பக்கமும் பார்த்து நிற்கும், தகடு தாங்கும். ஆறிப்போய் உருண்டால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துகொள்ளும். அழுத்தம் வந்தால் அப்படியே பிளக்கும்.

உருட்டாலைத் தொழிலாளர்கள் தமயந்தியும் இருதயராஜும் நுழைவறைக்குப் புது வெளிக்கதவை மாட்டிவிட்டு உள்ளே வந்து அதை மூடினார்கள். வெளியே புழுதிப்புயல். இனி அறையில் காற்று நிரம்பினால்தான் உள்கதவு திறக்கும். காற்று வரவில்லை.

“வெளிக்கதவு பலவீனமானது. காற்றை நிரப்பினால் பிளக்கும். அனுமதி இல்லை” என்றது கணிப்பான்.

தமயந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னது! அது நான் உருட்டின தகடு. தொள்ளாயிரத்துல உருட்டி, தொள்ளாயிரம்னுதான் பதிஞ்சேன்.”

“நான் எடுத்துக்கொண்டது எண்ணூறு. உங்கள் ஆலையில் எல்லாரும் நூறு கூட்டியே பதிகிறீர்கள். தகடுகளைச் சோதித்துக் கற்றுக்கொண்டேன்.”

கணிப்பான் சொன்னது சரிதான் என்று இருதயராஜுக்குத் தெரியும். செம்புழுதி மூடி வெப்பமானிகள் கெட்டுப்போனதால் ஆள் சொன்னதே கணக்கு. டீ குடித்து முடிப்பதற்குள் உலையிலிருந்து வந்த உலோகப் பாளம் கொஞ்சம் ஆறிவிடும். எதற்கு வம்பு என்று எல்லாரும் நூறு கூட்டிப் போடுவார்கள். டீயை ஆறவிட்டுப் பாளத்தைச் சூட்டோடு உருட்டுகிறவள் தமயந்தி ஒருத்திதான். அதற்காக அவளைக் கேலி செய்யாத ஆளில்லை.

“நான் பொய் சொல்லலய்யா! சத்தியமா!”

“எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள்.”

அவள் உள்கதவை ஓங்கி ஓங்கிக் குத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். விண்வெளி உடுப்பில் பிராணவாயு இறங்கிக்கொண்டே வந்தது. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

“தங்கச்சி, பதிவைத் திருத்துற உரிமை உனக்கு உண்டுல்ல? ஆயிரம்னு போடு” என்றான் இருதயராஜ்.

“பொய்யாவாண்ணே?”

“நாங்கெல்லாம் என்ன செத்தா போயிட்டோம்? போடும்மா!”

அவள் ஆயிரம் என்று திருத்தினாள். உஸ்ஸென்று காற்று நிரம்பியது. வெளிக்கதவு இம்மியும் அசையவில்லை. உள்கதவு திறந்தது.

“நன்றி. இந்த உண்மையை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றது கணிப்பான்.