அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது

செல்போன் அலறியது.

தவளக்குப்பம் ஜங்ஷன் நெரிசலில் பைக்கை ஓரங்கட்டி, தணிகைவேல் திரையைப் பார்த்தான்.

செலியமேடு ஜெயப்பிரியா அக்கா. இவனிடம் தோட்டத்துக்குச் செயற்கைப் புல் போட்டுக்கொண்டவள்.



"சொல்லுங்கக்கா..."

"இன்னாத்த சொல்றது? நீ போட்ட புல்லு மேல தண்ணி நிக்குதுபா. கொழந்த பந்து வெளயாடுற எடமா இது? வாத்து வளக்கலாம்."

"எந்த... எந்த எடத்துலக்கா?"

"நீயே வந்து பாரு. மூலக்குளத்துலேர்ந்து வேற கான்ட்ராக்டர வரச் சொல்லியிருக்கேன். பிரிச்சிப் பாக்கப் போறாரு."

பிரித்து...!

"அக்கா, யாரும் கை வெக்காதீங்க. நான் வந்துகினே இருக்கேன்."

"நீ வர்ற வரிக்கும் கைய கட்டிகினு நிக்க அவரு இன்னா உன் மாமனாரா?"

லைன் கட்டானது.



களிமண்ணைத் தோண்டி மூடினால், அடுத்த மழைக்கு உள்வாங்கும். உள்வாங்கினால் பள்ளம்... பள்ளமானால் தண்ணீர்... புல் போடுகிற எவனுக்கும் இது தெரியும்.

ஜெயப்பிரியா தோட்டத்தின் நடுவில், பச்சைப் புல்லுக்குக் கீழே, அப்படி ஒரு குழி இருக்கிறது.

குழிக்குள் புகழ்வேந்தன் இருக்கிறான்.

புகழ்வேந்தன் அவனுடைய பார்ட்னர். தீபாவளி லீவில் வேலையாட்கள் வரவில்லை. வீட்டுக்காரர்கள் கடலூருக்குப் போயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவருக்கும் வாய்த் தகராறு.

"இனிமே நான் தனியா பண்ணப் போறேன் தணிகை. கஸ்டமருங்கெல்லாம் எங்கூட வந்துடுவாங்க, பாத்துக்கோ."

தணிகைவேல் கையிலிருந்த கடப்பாரையை வீசினான். பயமுறுத்தத்தான் வீசினான். அது திரும்பி நடந்த புகழ்வேந்தனின் பின்மண்டையில் இறங்கியது.

புகழ்வேந்தன் துபாய்க்குப் போய்விட்டான் என்று ஊரில் சொல்லி வைத்தான். ஊரும் நம்பியது. துபாய் என்றால் யாரும் துருவிக் கேட்பதில்லை.

பைக் பறந்தது.

இருபக்கமும் வயல்கள் நிரம்பி வழிந்தன. தோட்டத்தின் நடுவில் நீளமாய், ஆள் படுத்த அளவுக்கு ஒரு குட்டை... வழியெல்லாம் அதேதான் கண்ணுக்குள் நின்றது.

ஜெயப்பிரியா கேட்டைத் திறந்து விட்டாள்.

"வாபா. பாரு உன் லட்சணத்த."

பார்த்தான்.

தோட்டம் முழுக்கத் தண்ணீர். சுவரோரம், துளசி மாடத்தடி, படிக்கட்டு முன்னால்... எங்கும் குட்டை குட்டையாய்த் தண்ணீர்.

நடுவில் மட்டும் இல்லை!

அந்த இடத்தில் புல் பளபளவென்று காய்ந்து கிடந்தது.

தணிகைவேலுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

குழி உள்வாங்கக் கூடாது, நாற்றம் மேலே வரக் கூடாது என்ற பயத்தில், மொத்தத் தோட்டத்துக்கும் வாங்கிய ஜல்லியை அந்தக் குழியிலேயே கொட்டியிருந்தான். தண்ணீர் வடியும் பைப்பையும் அங்கிருந்தே தெருச் சாக்கடைக்கு விட்டிருந்தான். மிச்சத் தோட்டத்தில் வெறும் களிமண் மேல் புல்லை விரித்துவிட்டு ஓடிவந்தவன், பிறகு அதைப் பற்றி நினைக்கவேயில்லை.

"அக்கா, மன்னிச்சிக்குங்க. மொத்தத்தையும் நானே சும்மா பண்ணித் தர்றேன். இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். அண்ணன் பாத்துப்பாரு."

கொல்லைப் பக்கத்திலிருந்து உலகநாதன் வந்தார். மூலக்குளத்துக் கான்ட்ராக்டர். கையில் கடப்பாரை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். களிமண்ணுல எனக்கும் இந்தத் தண்ணிப் பிரச்சன தீர மாட்டேங்குது. நடுவுல மட்டும் எப்பிடிப்பா காய வெச்ச?"

"அது... தானா அமஞ்சிச்சிண்ணே."

"தானா எப்பிடி அமையும்? உள்ள இன்னாமோ போட்டிருக்க."

உலகநாதன் கடப்பாரையால் நடுப் புல்லைக் காட்டினார்.

"அத்தப் பிரிச்சிப் பாத்துட்டு, அதே மாதிரி மொத்தத்துக்கும் போட்டுடலாம்னு அக்காகிட்ட சொன்னேன்."

"வேணாண்ணே. நல்லா இருக்குறத எதுக்குக் கலைக்கணும்? சுத்திலும் பண்ணுவோம்."

"நல்லா இருக்குறதத்தானே பாத்துக் கத்துக்கணும்?"

"பசை போட்டு ஒட்டியிருக்கேன். புல்லு கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா கிழியட்டும். என் வூட்டுப் புல்லுதானே?" என்றாள் ஜெயப்பிரியா.

உலகநாதன் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்தார்.

தணிகைவேல் முந்தி ஓடி, காய்ந்த புல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாபா ஆச்சு உனக்கு?" ஜெயப்பிரியா திகைத்தாள்.

"மயக்கமா வருதுக்கா... கொஞ்ச நேரம்..."

செல் அடித்தது. மனைவி சரண்யா.

"எங்க கீறீங்க? வளகாப்புக்கு மல்லிப்பூ சொல்லிட்டீங்களா? காலைலேர்ந்து புள்ள உதைச்சிகினே இருக்கு..."

பிள்ளை முகத்தைக் காலாப்பட்டு ஜெயிலில், கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தான்.

"வந்துட்றேம்மா," என்று மட்டும் சொன்னான்.

"எழுந்திரு தம்பி, வராண்டாவுல படு." உலகநாதன் அக்கறையாய் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஓரமாய் நிறுத்தினார்.

"அண்ணே, உங்க காலப் புடிக்கிறேன். வேணாண்ணே."

"தொழில் ரகசியத்துக்கு இவ்ளோ அடம் புடிக்கிறவன நான் பாத்ததே இல்லப்பா."

சர்ரக்... புல் உரிந்தது.

ஜல்லி தெரிந்தது. உலகநாதன் கடப்பாரையால் நெம்பி, கையால் அள்ளிப் போட்டார்.

"அக்கா, இங்க பாருங்க. எவ்ளோ ஆழத்துக்குப் போட்டிருக்கான்... இவ்ளோ ஜல்லி நான் ரோட்டுக்குக் கூட..."

நிறுத்தினார்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஜல்லிக்கு நடுவே நீல நிறச் சட்டைக் கை. அதற்குள்ளிருந்து விரல்கள்...



தணிகைவேல் தண்ணீரிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

"வேணும்னு பண்ணலக்கா... சத்தியமா வேணும்னு பண்ணல."

ஜெயப்பிரியாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆனாலும் போலீசுக்கு டயல் செய்து, விலாசத்தைத் தெளிவாகச் சொன்னாள். பிறகு செல்லை இடுப்பில் செருகிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"மொத்தத் தோட்டத்துக்கும் இதே மாதிரி வேல செஞ்சிருந்தீன்னா, நான் ஏம்பா உனக்குப் போன் பண்ணப் போறேன்?"