மைக் செருகாத துளை

அன்று பிற்பகல் அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்குப் பெரியவரான அப்பா, அவர் மனைவி, இளைய மகள், அப்பாவின் தம்பி. தம்பி பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர் என்பதால் சொந்தபந்தம் எல்லோருக்கும் அவர் ரேடியோச் சித்தப்பா. வேறு யாரும் இல்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மூத்த மகள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பதிவில் ஐந்தாவதாக ஒருவர் மூச்சு விட்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடக் கூடாது. புது ரெக்கார்டிங் பெட்டி எவ்வளவு அமைதியா இருக்குன்னு பாக்கணும்" என்றார் சித்தப்பா. "அண்ணா, முக்கியமா நீங்க தொண்டையைச் செருமாதீங்க. பக்கத்து வீட்டு நாயே எழுந்து நிக்கும்."

தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களில் மெத்தைகளைச் சாய்த்து, அவற்றின் மேல் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. பட்டப்பகலிலேயே அறை மங்கிக் கிடந்தது. பழைய பஞ்சின் வாடையும் வியர்வையும் கலந்து மூக்கை அடைத்தன. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒலியைக் காட்டும் இரண்டு கோடுகள் மட்டும் ஓடின.

பதிவானதை முதலில் கேட்க ஹெட்போனை அப்பாவிடம் கொடுத்தார்கள். அந்த வீட்டில் எதுவும் முதலில் அவருக்குத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சல் இல்லை. கிணற்றின் அடியில் நிற்பது போன்ற நிசப்தம். அதன் நடுவே, அவர் காதுக்கு வெகு அருகில், யாரோ மூக்கால் ஒரு மூச்சை இழுத்தார்கள். சின்ன மூச்சு, ஆனால் தீர்மானமானது. பிறகு மறுபடியும் நிசப்தம்.

"யாரு மூச்சு விட்டது?"

"உங்க முன்னால மூச்சு விட இந்த வீட்டுல யாருக்குண்ணா தைரியம் இருக்கு?"

சித்தப்பா சிரித்தபடியே திரையைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மேலே ஓடிய கோடு, பெட்டியில் மைக் செருகியிருந்த முதல் துளையினுடையது. அது வழவழவென்று இருந்தது. கீழே இரண்டாவது துளையின் கோட்டில் மட்டும் ஒரு சின்னப் புடைப்பு. அந்தத் துளையில் எதுவும் செருகவில்லை.

"எர்த் சரியில்ல. கரண்ட் இரைச்சல்" என்றார் சித்தப்பா.

அப்பா ஹெட்போனை மெல்லக் கழற்றினார். அந்த மூச்சு அவருக்குத் தெரியும்.

இரண்டு பெண்களும் சிறு வயதிலிருந்து சேர்ந்தே பாடியவர்கள். ஒரே பாய், ஒரே மைக். மூத்தவள் எடுத்துக் கொடுப்பாள், இளையவள் பிடித்துக்கொள்வாள். எங்கே எடுக்கப்போகிறாள் என்பதற்குக் கண்ஜாடை கிடையாது, கையசைவும் கிடையாது. மூக்கால் இழுக்கும் ஒரு மூச்சு, அவ்வளவுதான். சபையில் யார் காதிலும் விழாத அந்த மூச்சைத் தங்கை ஒருத்திதான் கேட்பாள். கேட்ட மாத்திரத்தில் இரண்டு குரலும் ஒன்றாகக் கிளம்பும். அப்படிப் பாடிய பெண்ணுக்குக் கடைசியில் பற்றாமல் போனது மூச்சுதான். ஆஸ்பத்திரியில் முகமூடிக்குள் அவள் நெஞ்சு ஏறி இறங்கியதை இளையவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளால் பாட்டைத் தொடங்க முடியவில்லை. ஒரு கச்சேரிக்குத் தனியாக ஒப்புக்கொண்டு மேடையில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தவள் திறந்தபடியே பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா எழுந்து போய், நிமிர்ந்த முதுகு வளையாமல், மகளைக் கையைப் பிடித்து இறக்கி அழைத்து வந்தார். என் பெண் இனி ஒருவர் முன்னாலும் விழித்துக்கொண்டு நிற்க வேண்டாம், வீட்டிலேயே பாடட்டும், பதிவு செய்து வைப்போம், ஒரு பாட்டாவது அவள் வாயிலிருந்து வந்தால் போதும் என்பது அவர் முடிவு. அந்த ஒரு பாட்டுக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

கம்ப்யூட்டரோடு வந்த சவுண்ட் கார்டு உதவவில்லை. அதில் பதிந்த எல்லாவற்றிலும் தகரக் கூரையில் மழை பெய்வது போல் இரைச்சல். ஹெட்போனில் அவள் குரல் அவளுக்கே தாமதமாக வந்தது. "யாரோ என்னைப் பழிச்சுக் காட்டற மாதிரி இருக்குப்பா" என்று கழற்றி வைத்துவிட்டாள். பாடுகிறவர்களுக்கென்றே கம்ப்யூட்டருக்கு வெளியே மாட்டுகிற பெட்டிகள் இருக்கின்றன, அவற்றில் இரைச்சலும் தாமதமும் இருக்காது என்று சித்தப்பா சொல்ல, அப்பா, மகள், சித்தப்பா மூவருமாகக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் மைக் செருக ஒரு துளை, மற்றதில் இரண்டு. ஒவ்வொரு துளைக்கும் ஒரு விளக்கு. சத்தம் வந்தால் பச்சை, அளவுக்கு மீறினால் சிவப்பு.

"பாப்பா ஒருத்தர்தானே பாடறாங்க? ஒரு துளை போதும் சார். இன்னொண்ணு சும்மா தூசி படிஞ்சு கிடக்கும்."

வழி நெடுக வாய் திறக்காமல் வந்தவள் அப்போது சொன்னாள்: "ரெண்டு இருக்கறதே வேணும்."

"கூட யாரும்மா பாடுவாங்க?"

"எங்க அக்கா."

கடைக்காரர் நல்லவிதமாகச் சிரித்தார். சித்தப்பா கூரையைப் பார்த்தார். அப்பா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் மகள் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. "இதையே கட்டிக் கொடுங்க" என்றார்.

இப்போது அந்தப் பெட்டி மேசை மேல் இருந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் உட்கார்ந்தாள். இடப் பக்கம் ஒரு ஆள் உட்காரும் இடத்தைப் பழக்கம்போல் விட்டிருந்தாள். சுருதி ஓடியது. உதட்டைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திடீரென்று அவள் தலை நிமிர்ந்தது. யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல். அடுத்த கணம், சரியான இடத்தில், தடுமாற்றமே இல்லாமல், அவள் பாடினாள்.

அறை நிறைந்தது. ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த குரல். அம்மா சத்தமில்லாமல் அழுதாள். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவின் பார்வை மட்டும் பெட்டியின் மேல் போயிற்று. முதல் விளக்கு பச்சை. அதன் பக்கத்தில் இரண்டாவதும் பச்சை. முதலாவது எரிவதற்கு ஒரு நொடி முன்னால், ஒவ்வொரு முறையும், இரண்டாவது எரிந்தது.

பாட்டு முடிந்ததும் சித்தப்பா காலித் துளையை விரலால் அடைத்துப் பார்த்தார். அதன் ஒலியளவுத் திருகை அடிமட்டத்துக்குக் குறைத்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"என்னடா?"

"ஈரமா இருக்குண்ணா. சூடா... நான் நாளைக்கு வந்து எர்த் பாக்கறேன்." செருப்பைக்கூட மாட்டாமல் அவர் தெருவில் இறங்கிப் போனார்.

"இன்னொரு தடவை" என்றாள் மகள். அவள் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று!

அப்பா இன்னொரு ஹெட்போனை எடுத்துப் பெட்டியில் மாட்டிக் காதில் வைத்தார். மூச்சு. அதைத் தொடர்ந்து ஒரு குரல் பாட்டின் முதல் எழுத்தை மட்டும் பாடியது, தொலைவிலிருந்து, முகமூடிக்குள்ளிருந்து பாடுவது போல். மூத்தவளின் குரல். அதன் மேல் இளையவளின் குரல் வந்து ஏறிக்கொண்டது. அவர் ஹெட்போனை மனைவியிடம் நீட்டினார். அவள் கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என் கண்ணே, என் கண்ணே" என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு சொல் வரவில்லை.

மறுபடி பாடினார்கள். பாடினாள் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இப்போது இரண்டு குரல்.

மூன்றாவது முறையா நான்காவதா, அவருக்குத் தெரியவில்லை, ஹெட்போனை மனைவியே வைத்திருந்தாள். அவர் வெறும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் மெலிந்திருந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்தார். முதல் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இரண்டாவது நிலையாக நின்றது. அவள் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. மேல்ஸ்தாயியில் கூவுகிறவளின் கழுத்து அது. வந்ததோ முணுமுணுப்பு.

"போதும்மா. நிறுத்து."

அவள் தலையை ஆட்டினாள். "அக்காவுக்கு மூச்சு பத்தலப்பா. நான் குடுத்துட்டு இருக்கேன். நிறுத்தாதீங்க."

அவர் கை கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளைப் பிடித்தது. ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வேண்டியது.

"எடுக்காதீங்க!" மனைவி அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு அடி. இப்பதான் தெளிவா வருது. இத மட்டும் கேட்டுக்கறேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்து அழுத்தினாள்.

தெளிவாகத்தான் வந்தது. முகமூடி இல்லை. இளைப்பு இல்லை. நோய் வருவதற்கு முந்தைய குரல். அவர் பெற்ற முதல் பெண். அறையில் சுருதி மட்டும். இளையவளின் வாய் அகலத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறியது. ஏறியது. இறங்கவில்லை. உதடு நீலம். கண்ணில் அதே சிரிப்பு. முதல் விளக்கு அணைந்தது. இரண்டாவது சிவப்பானது.

அப்பா பயத்தில் கேபிளைப் பிடுங்கிவிட்டார், அந்த அதிர்ச்சியில்தான் சின்னப் பெண்ணுக்குக் குரல் போயிற்று என்று உறவினர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கேபிள் பிடுங்கப்படவே இல்லை. மாலைதோறும் அந்த அறையில் மெத்தைகள் சாத்தப்படுகின்றன. இளைய மகள் மைக்கின் முன் உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயைத் திறக்கிறாள். பெற்றவர்கள் இருவரும், ஒரே ஹெட்போனின் இரு பக்கங்களை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மூத்தவளின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.